லேப்டாப் ஓரத்து மாவுச்சட்டி

ஜன்னலில் பனிமூட்டம் அப்பிக் கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்து அறை மேசையில் லோஜினியின் லேப்டாப் இரைகிறது. இன்றே கொழும்பு அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய டேட்டாபேஸ் மென்பொருளை, லினக்ஸில் மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்துகொண்டிருக்கிறாள்; மணிக்கணக்கில் லேப்டாப்பைக் கொதிக்க வைக்கும் வேலை. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. விசிறி சூட்டைக் கக்கும் பக்கத்தில், பழைய ஸ்வெட்டர் போர்த்திய தோசைமாவுச் சட்டியை ஒட்டி வைத்திருக்கிறாள் அம்மா மீனம்மா. தலவாக்கலைக் குளிரில் மாவு லேசில் பொங்காது. நாளைக் காலை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். கம்பைல் பாதியில் நின்று லோஜினி தலையில் கைவைத்தபோதெல்லாம் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. “விடு புள்ள, மறுபடி மொதல்லருந்து போடு” என்று தேத்தண்ணி வேறு ஊற்றிக் கொடுத்தாள். இப்போது கடைசி வரியும் வந்து நிற்கிறது. பிழை ஒன்றுமில்லை. விசிறி ஓய்கிறது.

“முடிஞ்சிருச்சும்மா!” லோஜினி துள்ளுகிறாள்.

மீனம்மா ஸ்வெட்டருக்குள் கைவிட்டுச் சட்டியைத் தடவிப் பார்க்கிறாள். “என்னாத்த முடிஞ்சிருச்சு? மாவு இன்னும் பொங்கவே இல்லியே.”

லோஜினி திரையைப் பார்க்கிறாள், சட்டியைப் பார்க்கிறாள். பிறகு, யாருக்குமே தேவைப்படாத பழைய பி.எச்.பி. மென்பொருள் ஒன்றைத் தேடி இறக்கி, அதைக் கம்பைல் செய்யத் தொடங்குகிறாள்.