கணையத்தின் பக்கத்து வீட்டு அக்கா

கணையத்தை ஒட்டிக் குடியிருந்த கொழுப்பு, பசி என்று வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. ஊட்டிக்கொண்டே இருக்கும், வந்தவர் "போதும்க்கா" என்றால்தான் நிறுத்தும்.

ஒருநாள் கணையத்துக்குள் கடுகளவில் புதிதாக ஒரு கட்டி முளைத்தது. "அக்கா, பசிக்குது" என்றது. பாவம், பச்சைப் பிள்ளை என்று கொழுப்பு அள்ளி அள்ளிக் கொடுத்தது. கடுகு நெல்லிக்காயானது.

"மூச்சு முட்டுதுக்கா. இனிமே அவனுக்குக் குடுக்காத" என்று கணையம் கெஞ்சியது.

"அவன் இன்னும் போதும்னு சொல்லலையேம்மா" என்ற கொழுப்பு, கட்டியின் பக்கம் திரும்பி, "போதுமாடா கண்ணு?" என்று கேட்டது.

கட்டி மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தது. அதன் முகத்தில் கள்ளமே இல்லை.

"போதும்னா என்னக்கா?"