உருகாத மிச்சம்

ரயில் நின்று வெகுநேரமாகிவிட்டது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு. மின்விசிறியும் நின்றுபோயிருந்தது.

அவள் இடுப்புப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

உள்ளே, அவள் ரத்தத்தில் இடைவிடாமல் மருந்தைச் செலுத்தும் சிறு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி ஐஸ் பொட்டலம். ஓரங்கள் உருகிவிட்டன. நடுவில் இன்னும் கட்டியாக இருந்தது.

சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும். மருந்து கெட்டால் அவள் இதயம் தாங்காது. விழுப்புரத்தில் தங்கை புதுப் பொட்டலத்தோடு நிற்பாள்.

அதுவரை இது போதும். போதுமாயிருக்கலாம்.

எதிர் இருக்கைப் பெண் அரியலூரில் ஏறியபோதே பையிலிருந்து சொட்டிய நீரைக் கவனித்துவிட்டாள்.

“என்னக்கா, இடுப்புல பிரிட்ஜக் கட்டிக்கிட்டு வர்றீங்க?”

முதுகுவலிக்கு ஒத்தடம் என்று சொல்லிவைத்தாள். பம்பைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அது அவளுக்குப் பிடிக்காது.

இப்போது அந்தப் பெண் சிரிக்கவில்லை. மடியில் குழந்தை அனத்திக்கொண்டிருந்தது. நெற்றியில் போட்ட ஈரத்துணி அங்கேயே காய்ந்துவிட்டது.

“அக்கா, அந்த ஐஸக் கொஞ்சம் தாங்களேன். புள்ளைக்கு அனலாக் கொதிக்குது. ஒங்க முதுகு செத்த நேரம் பொறுக்காதா?”

உண்மையைச் சொல்லிவிடலாம்.

சொன்னால் அந்தப் பெண் இரண்டு பேரையும் பார்ப்பாள். மடியில் கிடப்பவளை. பிறகு எதிரில் இருப்பவளை.

அவள் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்பதில் சந்தேகமே இல்லை.

“எல்லாம் உருகிப்போச்சும்மா.”

சொல்லும்போது கை பையின் மேல்தான் இருந்தது. உள்ளங்கை சில்லிட்டது.

அந்தப் பெண் குழந்தையின் நெற்றித் துணியை எடுத்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் துணியில் ஊற்றினாள். அதுவும் வெந்நீராகியிருந்தது.

குழந்தையின் அனத்தல் குறைந்தது. நின்றது.

“அப்பாடா, தூங்கிட்டா.”

அந்தப் பெண் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடினாள்.

அந்த அமைதியில் பம்பின் ஓசை கேட்டது. இவளுக்கு மட்டும்.

ஒருமுறை எழுப்பிப் பாரும்மா என்று சொல்ல வாயெடுத்தாள்.

எழுப்பினால் மறுபடியும் ஐஸைக் கேட்பாள்.

வண்டி குலுங்கி நகர்ந்தது. ஜன்னலில் காற்று வந்தது. பெட்டியில் யாரோ கைதட்டினார்கள்.

இவள் குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டை அசைந்தது.

மூச்சா, வண்டியின் ஆட்டமா?