பிரிக்காத பொட்டலம்

"சாமிகிட்டக் கேக்காம ஒரு மூட்டை வெளிய போகாது! போச்சுன்னா நான் சுருளியாண்டி இல்ல!"

வீட்டின் முன்கட்டில் இருந்த ஏலக்காய்க் கிட்டங்கி அதிரும்படி கத்தினார் சுருளியாண்டி. தம்பி நாகராஜ் கொஞ்சமும் அசரவில்லை.

"அண்ணே, வெளிநாட்டுலருந்து குவாட்டமாலா ஏலக்காய் வந்து எறங்கப் போகுதுங்குறாக. விலை நித்தம் சரியுது. இன்னைக்கு வித்தாத்தான் உண்டு. வச்சேதான் இருப்பேன்னா என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துரு. நான் தனியாப் பொழச்சுக்கிறேன்."

இருவருக்கும் நடுவே மூட்டைமேல் உட்கார்ந்திருந்த தேவயானிக்குத் தும்மலும் வந்தது, பயமும் வந்தது. மதுரையிலிருந்து வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவி அவள். 'நிலையில்லாத சந்தையில் குடும்பத் தொழில்கள்' என்பது தலைப்பு. ஏலக்காய் விலையைப் போல நிலையில்லாதது உலகத்தில் வேறு இல்லை என்று யாரோ சொல்ல, கம்பத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டு கடையை மூடியவர்கள் ஊரில் நிறையப் பேர். இந்தக் குடும்பம் மட்டும் ஒரு முறைகூட நட்டப்பட்டதில்லையாம். அப்படியானால் இங்கே முடிவெடுப்பது யார்? அந்த ஒரு பதில் கிடைத்தால் போதும், அவளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்த மாதிரிதான்.

அவள் அதைக் கேட்டேவிட்டாள்.

"யாருன்னா? குலசாமிதான்" என்றார் சுருளியாண்டி. "பூக்கட்டிப் போட்டுப் பாப்போம். செவப்பு வந்தா சரக்கை வச்சிருக்கணும். வெள்ளை வந்தா வித்துரணும். இன்னைக்குவரைக்கும் தப்புனதே இல்ல டீச்சரம்மா."

அவள் டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. அதைவிட இந்தப் பதிலைக் கேட்டுத்தான் அவளுக்கு அழுகை முட்டியது. இதை எழுதிக்கொண்டு போனால், முதலில் நீ போய் மந்திரிச்சுக்கிட்டு வாம்மா என்பார் கைடு.

நாகராஜ் இறங்கி வந்தான். "சரி, பூவே போடு. ஆனா பொட்டலத்தை நான்தான் எடுப்பேன்."

"தாராளமா எடு. யாரு வேணாங்குறா? ஏ சோதி! பூவைக் கட்டு!"

அடுப்படியில் சுருளியாண்டியின் மனைவி ஜோதிலட்சுமி, செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மலைமேல் வண்டன்மேட்டில், ஏலத்தோட்டக்காரருக்கு வாக்கப்பட்டுப்போன தங்கச்சியோடு பேச்சு.

"அடி ஆத்தே, இம்புட்டு மழையா? காய் பூராம் அழுகி உதுருதா? உங்க தோட்டத்துல மட்டுமா, அங்கன எல்லாத்துக்குமா? அட கொடுமையே! சரி, மனசத் தேத்திக்க. சாமி பாத்துக்கிரும். வைக்கிறேன்டி, உங்க மச்சான் கத்துறாக."

தங்கச்சி பாடு பெரும் பாடு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கொல்லைக்குப் போய் அரளிப்பூப் பறித்து வந்தாள். வாழையிலைத் துணுக்குகளில் வைத்து, இரண்டு பொட்டலமாக நாரால் இறுக்கிக் கட்டினாள்.

"ஏன்க்கா, நீங்க என்ன நினைக்கிறீங்க? விக்கலாமா, வச்சிருக்கலாமா?" என்று அவளிடமும் கேட்டுவைத்தாள் தேவயானி.

"யாவாரத்தைப் பத்தி நான் என்னத்தக் கண்டேன் தாயி? சமைக்கச் சொன்னாச் சமைப்பேன், கட்டச் சொன்னாக் கட்டுவேன்" என்று சிரித்தாள் அவள்.

இரண்டு பொட்டலங்களும் குலசாமி படத்துக்கு முன்னால் விழுந்தன. சுருளியாண்டி சூடம் ஏற்றினார். நாகராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தைத் தொட்டான். என்ன தோன்றியதோ, அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துப் பிரித்தான்.

செவ்வரளி.

"இப்பச் சொல்லுலே. பங்கைப் பிரிக்கணுமா?"

"நானே எடுத்திருக்கேன், இனி என்னத்தப் பேச?" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான் நாகராஜ். எழுந்ததும் முதல் வேலையாக லாரிக்காரனுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றான்.

தேவயானிக்குக் கை சும்மா இருக்கவில்லை. கீழே கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுக்கப் போனாள்.

"ஐயையோ, தொடாதீக!" பாய்ந்து வந்து பொட்டலத்தைப் பறித்தார் சுருளியாண்டி. "எடுக்காத பொட்டலத்தைப் பிரிச்சா சாமிகுத்தம்! குடும்பமே வெளங்காது! அப்படியே கொண்டுபோய்த் தண்ணியில விட்டுரணும்!"

"ஆமா தாயி, ரொம்பத் துடியான சாமி" என்று வேகவேகமாக ஒத்து ஊதினாள் ஜோதிலட்சுமி.

வாய்க்காலுக்குக் கிளம்பிய சுருளியாண்டி, தேவயானியை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவள் புலம்பிக்கொண்டே வந்தாள்.

"சாமிதான் முடிவெடுக்குதுன்னு எழுதினா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்கய்யா. இத்தனை வருசப் படிப்பும் வீணாப் போயிரும்."

வாய்க்கால் பாலத்தில் ஜீப் நின்றது. சுருளியாண்டி அவளை ஒரு பார்வை பார்த்தார். பாவமாக இருந்தது போலும். முன்னும் பின்னும் ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பொட்டலத்தை அவரே பிரித்துக் காட்டினார்.

அதிலும் செவ்வரளி.

"ஐயா! ரெண்டுமே செவப்பா? அப்ப அக்கா உங்களை ஏமாத்துறாங்களா?"

"மெதுவாப் பேசுங்க டீச்சரம்மா. மலையில காய் வெளையுதா அழுகுதா, விலை எறங்குமா ஏறுமான்னு, தங்கச்சி மூலமா எங்க ரெண்டு பேரையும்விட அவளுக்குத்தான் முதல்ல தெரியும். ஆனா பொம்பள சொல்லி யாவாரமான்னு தம்பி குதிப்பான். பங்கைப் பிரின்னு நிப்பான். சாமி சொன்னா, வாயப் பொத்திக்கிட்டுக் கேக்குறான். எனக்கு விசயம் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. எழுதும்போது எங்க பேரைப் போட்டுறாதீக."

"அப்ப, பிரிச்சா சாமிகுத்தம்னு அந்தக் கத்துக் கத்துனீங்களே?"

சுருளியாண்டி பூவைத் தண்ணீரில் விட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"கல்யாணமான புதுசுல ஒருநா தெரியாத்தனமா, எடுக்காத பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்துட்டேன். அன்னைக்கு நான் போட்ட சட்டம்தான் அது."