சொல்லிக்கொள்ளாமல்

மதுரையிலிருந்து டொராண்டோவுக்கு இப்போது நாற்பது நிமிடத்தில் பறந்துவிடலாம். முன்பு ஒருநாள் முழுக்கப் பறக்க வேண்டியிருந்ததால், வீட்டில் சாவு என்றால் கம்பெனிகள் இரண்டு வாரம் லீவு கொடுத்தன. இப்போது அரை நாள்தான்.

சாதனாவின் ஒரே மகன் அகரன் காலையில் வந்து இறங்கினான். சுடுகாட்டில் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தான். வீடு திரும்பித் தலை முழுகினான். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்ததும், பிள்ளை பசியோடு இருப்பானே என்று, அழுகையை அடக்கிக்கொண்டு சாதனா அவனைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மாடியில் தேடினாள், கொல்லையில் தேடினாள். கொடியில் அவனுடைய ஈர வேட்டிதான் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் அப்பவே கெளம்பிட்டான் மதினி," என்றாள் நாத்தனார் ரித்திகா. "இந்நேரம் டொராண்டோல எறங்கியிருப்பான். வேலைக்குப் போகணும்ல?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி!"

"சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதுல்ல மதினி? சொல்லாமத்தான போகணும்."

சாதனா அந்த வேட்டியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அது துட்டி கேக்க வந்தவங்களுக்குடி. இவன் இந்த வீட்டுப் பிள்ளையில்லையா?"