ஆளில்லாத அறை

எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள்.

"மீட்டர் பழசாயிடுச்சு, விடு," என்றார் கணவர்.

எலக்ட்ரீஷியன் அளந்து பார்த்தார். "இருநூத்தி முப்பது வோல்ட், பாயிண்ட் மூணு ஆம்பியர். பெருக்கினா அறுபத்தொம்பது வாட். எங்கயோ ஒரு ஃபேன் ஓடுதும்மா."

"இருக்காதுங்க. ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடினா இவரு வீட்டையே ரெண்டாக்கிடுவாரு. அதுக்காகப் பையனோட போடாத சண்டையா?"

பூட்டிக் கிடந்த மகனின் அறை மட்டும்தான் பாக்கி. கணவர் தயங்கித் தயங்கிச் சாவியை நீட்டினார்.

உள்ளே ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. காலிக் கட்டிலில், தலையணைமேல், மகனின் படம்.

மகன் இறந்த அன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"காத்து இல்லாம அவனுக்குத் தூக்கம் வராதுல்ல."