கறுப்புச் சட்டியில் போடாத மீன்

வளர்ப்பு மீன் கடையில், விற்பதற்கு முன் ஒவ்வொரு கடல்மீனையும் ஐந்து நிமிடம் நல்ல தண்ணீரில் போட்டெடுப்பது ரெஜினாவின் வேலை. உப்பில்லாத தண்ணீர் பட்டதும் மீனின் உடம்பில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் கறுப்புச் சட்டியின் அடியில் வெள்ளை எள்ளாக உதிரும். அதன் பிறகுதான் கடைத்தொட்டிக்குள் விடுவாள். அந்தத் தொட்டியில் ஒரு நீலக்கோட்டு மீன் இருந்தது. மற்ற மீன்களின் மேலிருக்கும் பூச்சிகளைக் கொத்தித் தின்றே வாழும் இனம் அது. வேறு எந்தத் தீனியையும் தொடவில்லை. சுத்தமான செதில்களைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வெறும் வாயோடு திரும்பியது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. தொட்டியைத் துடைக்க அவள் கையை விட்டபோது நகக்கண்ணில் வந்து தேடியது.

மறுநாள் வந்த மீன்களில் மஞ்சள் மீன் ஒன்றை மட்டும் சட்டியில் போடாமல் அப்படியே தொட்டிக்குள் விட்டாள். நீலக்கோட்டு மீன் அதன் செவுளுக்குள் தலையை நுழைத்து வெகுநேரம் தின்றது. அவளுக்கும் அன்றுதான் சோறு இறங்கியது.

சாயங்காலம் வந்தவர் கண்ணாடியில் விரல் வைத்து அதே மஞ்சள் மீனைக் காட்டினார்.

"இதத் தாம்மா. வீட்டுத் தொட்டியில பதினோரு மீனு கெடக்கு, ஏழு வருசமா வளக்கேன். பூச்சி கீச்சி இல்லைல்லா?"

உள்ளேயிருந்து முதலாளி சொன்னார்: "எங்க ரெஜினா கைபட்ட மீன் சார். கண்ண மூடிட்டு விடுங்க."

ரெஜினா வலையை இறக்கினாள். மஞ்சள் மீன் சிக்கியது. அதன் செவுளை விடாமல் நீலக்கோட்டு மீனும் கூடவே வலைக்குள் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார்.

"இத்தன மீனு இருக்கும்போது அது ஏம்மா இதையே கொத்துது?"