தட்டில் எட்டு

அந்தப் பிள்ளை மூன்றாவதையும் எடுத்துவிட்டாள்.

முதலில் கட்லட். பிறகு உளுந்து வடை. இப்போது ரோல்ஸ். தட்டின் இடது ஓரத்தில் தொடங்கி, ஒன்றையும் தாண்டாமல் வரிசையாக வந்துகொண்டிருந்தாள்.

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அஞ்சலின் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஸுபைரா அக்காவின் தேத்தண்ணிக் கடையில் தட்டு எப்படி வேலை செய்கிறது என்று யார் கேட்டாலும் அஞ்சலின் ஆசையாகச் சொல்வாள். நீங்கள் உட்கார்ந்ததும், கேட்காமலே எட்டுத் துண்டு அடுக்கிய தட்டு வரும். ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. கட்லட் இடது ஓரம், மீன் பொதிந்த மாலுபாண் வலது ஓரம், நடுவில் மற்றவை. வேண்டியதை எடுக்கலாம், வேண்டாததை விடலாம். எழும்போது எந்த இடம் காலியோ அதற்கு மட்டும் காசு. மிச்சம் உள்ளே போய், காலி இடம் நிரம்பி, அடுத்த மேசைக்கு வரும்.

முகாமைத்துவப் பீடத்தில் அவளுக்கு இது இரண்டாம் வருடம். கையிருப்பைப் பற்றி விரிவுரையாளர் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசியதை, கொப்பியின் ஓரத்தில் ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறாள்: ஸுபைரா அக்காவின் தட்டு.

மூன்றரைக்கு விரிவுரை முடியும். நான்குக்குக் கடையில் ஏப்ரன் கட்டியிருப்பாள். இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று வகுப்பில் யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்தப் பிள்ளையின் மடியில் பல்கலைக்கழக முத்திரை போட்ட புத்தம்புது ஃபைல் இருந்தது. இன்றுதான் பதிந்திருக்க வேண்டும்.

உள்ளே வரும்போதே அவள் இரண்டு கேள்வி கேட்டாள். ஹல்துமுல்லைத் தோட்டங்கள் பக்கம் போகிற பஸ்ஸுக்கு டிக்கெட் எவ்வளவு, ஒரு தேத்தண்ணி எவ்வளவு. இரண்டுக்கும் பதில் வந்த பிறகு, கையில் மடித்து வைத்திருந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

தட்டும் தேத்தண்ணி விலையோடு சேர்ந்தது என்று நினைத்திருப்பாள்.

நினைத்தபின் மிச்சம் வைக்க மாட்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒருவர் வீட்டில் போய் உட்கார்ந்தால், முன்னால் வைத்ததை அப்படியே விட்டு எழுவது வைத்தவளின் முகத்தில் அடித்த மாதிரி. வயிறு நிறைந்துவிட்டாலும் மென்று விழுங்கத்தான் வேண்டும். பூனாகலைத் தோட்டத்தில் வளர்ந்த அஞ்சலினுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று வரைக்கும் பரவாயில்லை. நான்காவதும் போனால் பஸ் டிக்கெட்டில் கை வைக்க வேண்டிவரும்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் கடையில் ஒரு சட்டம் உண்டு. சாப்பிடுகிறவர்களிடம் போதும் என்று சொல்லக் கூடாது, தட்டைத் தொடவும் கூடாது. அஞ்சலினுக்கு முன்பு இங்கே வேலை செய்தவள் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மறுநாள் அவளுடைய ஏப்ரன் ஆணியில் தொங்கியது. அஞ்சலினின் போர்டிங் அறை வாடகை இந்த ஏப்ரனில்தான் இருக்கிறது.

காசு மேசையில் ஸுபைரா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பிள்ளை தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தாள். மூச்சு வாங்கினாள். நான்காவதை நோக்கிக் கையை நீட்டினாள்.

அஞ்சலின் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்கு நேர் பின்னால் இருந்த மேசைக்கு நடந்தாள். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் இரகுநாதன் சேர் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

“சேர், உங்களுக்கு ரோல்ஸ் ரெண்டு, பெட்டிஸ் ஒண்ணு. சாப்பிட்டதுக்கு மட்டுந்தான் காசு, மிச்சமெல்லாம் அப்படியே உள்ள போயிரும்.”

இரகுநாதன் சேர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். பிறகு முன் மேசையில் தெரிந்த முதுகைப் பார்த்தார். அந்தரத்தில் நின்ற கையைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார், அவரும் சத்தமாகவே. “ரெண்டு ரோல்ஸ், ஒரு பெட்டிஸ்தான்.”

நீட்டிய கை மெதுவாகத் திரும்பி, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பிள்ளை எழுந்தாள். மூன்றுக்கும் தேத்தண்ணிக்கும் காசு கொடுத்தாள். மிச்சக் காசை உள்ளங்கையில் பார்த்துவிட்டு, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அடுத்து இரகுநாதன் சேர் காசு மேசைக்குப் போனார்.

சீனி போடாத பிளேன் டீ ஒன்று, ரோல்ஸ் இரண்டு, பெட்டிஸ் ஒன்று என்று தாமே சொல்லிக் காசை வைத்தார்.

ஸுபைரா அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். சீனி வருத்தக்காரரான அவருடைய மேசைக்குப் பன்னிரண்டு வருடமாக அந்தக் கடையில் தட்டே போனதில்லை. இன்றும் போகவில்லை.

அக்காவின் பார்வை அஞ்சலினிடம் வந்தது. அஞ்சலின் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள்.

அக்கா காசை எடுத்து லாச்சிக்குள் போட்டார். இரண்டு ரோல்ஸையும் ஒரு பெட்டிஸையும் பேப்பரில் சுற்றி, அவரிடம் கொடுக்காமல், அஞ்சலின் பக்கம் தள்ளிவைத்தார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

இரகுநாதன் சேர் குடையைக் கையில் மாட்டிக்கொண்டு வாசலில் ஒரு கணம் நின்றார்.

“போன வருசம் எனக்கு இந்த யோசனை வரேல்லை, பிள்ளை.”

அஞ்சலினுக்குக் காதுவரை சூடேறியது.

போன வருடம், பதிந்த அன்று, அதே மேசையில், அவள் எட்டாவதாகச் சாப்பிட்டு முடித்தது மாலுபாண். எழுந்திருக்கவும் முடியாமல், பூனாகலை பஸ்ஸுக்குக் காசும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்தபோதுதான், ஸுபைரா அக்கா ஆணியிலிருந்து அந்த ஏப்ரனை எடுத்து வந்தார்.